வன்னியில் குள்ளர் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு: கமராவைத் திறக்க முன் முடிக்க வேண்டிய வேலைகள்

கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஒரு சின்னக் குளத்தடியில் பதினொரு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறோம். மண்ணுக்குக் கீழே வாழும் மூன்று குள்ளர், தங்கள் முன்னோர் வெட்டிய குளத்தைத் தேடி மேலே வருகிறார்கள். வயலில் ஒரு பெண்பிள்ளை அவர்களைக் காண்கிறாள். கதை அவ்வளவுதான். பழைய குளங்களைப் பூதங்கள் ஒரே இரவில் கட்டின என்று அம்மம்மா சொல்லக் கேட்டு வளர்ந்ததால் எனக்குள் வந்த கதை.

படப்பிடிப்பு மூன்று நாளில் முடிந்தது. அதற்கான அலைச்சல் நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் பாதிக்கு மேல் வீணாகப் போனது. எந்தக் கடிதத்தை யாரிடம் முதலில் கொடுப்பது, நடிகரிடம் எதை எழுதி வாங்குவது, ஆளை எங்கே நிறுத்தினால் குள்ளராகத் தெரிவார் என்று சொல்லித் தர யாரும் இருக்கவில்லை. நீங்கள் அந்த இரண்டு மாதத்தையும் இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. குள்ளர் உங்கள் கதையில் என்ன வேலை செய்கிறார் என்று எழுதுங்கள்

திரைக்கதைக்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டியது இது. குள்ளருக்கு என்ன தொழில், என்ன கோபம், எந்த முடிவை அவர் எடுக்கிறார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அவர் உங்கள் படத்தில் வேடிக்கைப் பொருளாக நிற்பார். அப்படி ஒரு படத்துக்கு நல்ல நடிகர் எவரும் வரமாட்டார், வரவும் கூடாது.

இரண்டு படங்களை இதற்காகவே பாருங்கள். 1988இல் வந்த 'வில்லோ'வில் வாரிக் டேவிஸ் நடித்த வில்லோ ஒரு கமக்காரன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், மந்திரம் படிக்க ஆசைப்படுகிறவன். அவன் உயரம் கதையில் இருக்கிறது, ஆனால் கதை அவன் உயரத்தைப் பற்றியதல்ல. 2008இல் வந்த 'பிரின்ஸ் காஸ்பியன்' படத்தில் பீற்றர் டிங்க்லேஜ் நடித்த ட்ரம்ப்கின் எரிச்சல்காரன், எதையும் லேசில் நம்பாதவன். அவன் வாய் திறந்தால் மற்றவர்கள் நின்று கேட்கிறார்கள்.

மாறான ஓர் உதாரணமும் தெரிந்திருக்க வேண்டும். 2012இல் வந்த 'ஸ்னோ வைட் அண்ட் த ஹன்ட்ஸ்மன்' படத்தில் எட்டுக் குள்ளர் வருகிறார்கள். எட்டுப் பேரும் சாதாரண உயரமுள்ள பெரிய நடிகர்கள், கணினியில் சுருக்கப்பட்டவர்கள். அந்த உருவத்தோடு பிறந்த நடிகர்களுக்கு வரவேண்டிய வேலை போய்விட்டது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. எங்கள் படத்தில் ஒரு பாத்திரத்துக்காவது உண்மையில் உயரம் குறைந்த ஒருவரைத் தேடியே தீர்வது என்று நான் முடிவெடுத்தது அதனால்தான்.

வசனத்தில் 'கட்டையன்', 'அரை ஆள்' போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். ஊரில் அந்தச் சொற்களைக் கேட்டே வளர்ந்த ஒருவரைக் கூட்டிவந்து அதையே கமராவுக்கு முன்னாலும் சொல்ல வைக்காதீர்கள்.

2. நடிகரைத் தேடுங்கள்; சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

மூன்று பேரைத் தேடினோம், ஒருவர்தான் கிடைத்தார். முல்லைத்தீவுப் பக்கம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை, நாலடி இரண்டு அங்குலம். முதல் நாள் நான் கதையை எடுத்துச் சொல்ல, கேட்டுக்கொண்டே ஒரு சில்லுக்குக் கம்பி இறுக்கினார். முடிந்ததும் தலை நிமிர்த்தி, "தங்கச்சி, சனம் என்னைப் பாத்துச் சிரிக்கோணுமோ, நான் சொல்லுறதைக் கேட்டுச் சிரிக்கோணுமோ?" என்று கேட்டார். என்னிடம் அப்போது பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து திரைக்கதையில் ஏழு பக்கத்தைத் திருப்பி எழுதினேன். அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுத்தபோது வாசித்துவிட்டு, "இது சரி" என்றார். மேலே முதலாவதாகச் சொன்ன வேலையை நான் ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த ஒரு கிழமை மிஞ்சியிருக்கும்.

அவரோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதினோம். நீங்களும் எழுதுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம், நாட்சம்பளம் எவ்வளவு, அதை எப்போது கொடுப்பது, கடை பூட்டும் நாளுக்கான நட்டம், போக்குவரத்து, படத்தில் பெயர் எந்த இடத்தில் வரும், போஸ்டருக்கு அவருடைய எந்தப் படத்தைப் போடலாம், இவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். சம்பளம் மற்ற முதன்மை நடிகர்களுக்குச் சமமாக இருக்கட்டும்.

எழுத்தில் வராத சிலவும் உண்டு. உயரம் குறைந்த உருவத்தோடு பிறந்த பலருக்கு முதுகிலும் காலிலும் நோவு இருக்கும். குளக்கட்டு ஏறி இறங்குவது, மணலில் நடப்பது அவர்களுக்கு எங்களை விடக் கடினம். வாகனம் எவ்வளவு கிட்டப் போகும் என்று முதலே பாருங்கள். கால் நிலத்தில் படும் உயரத்தில் ஒரு கதிரை கொண்டுபோங்கள். கேளாமல் தூக்கிவிடவோ தோளில் கைபோட்டுப் படம் எடுக்கவோ யாரையும் விடாதீர்கள். படப்பிடிப்பு பார்க்க வரும் சனத்துக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அடுத்த பொறி பிள்ளைகள். ஆள் கிடைக்காவிட்டால் பத்து வயதுப் பெடியனுக்குத் தாடி ஒட்டிக் குள்ளராக்கலாம் என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். பிள்ளையின் முகமும் கையும் நடையும் பிள்ளையுடையவைதான், படம் பள்ளிக்கூட நாடகமாகிவிடும். பிள்ளைகள் பிள்ளைகளாகவே நடிக்கும் காட்சி இருந்தால், பெற்றோரின் கையொப்பமிட்ட சம்மதம் வாங்குங்கள், பாடசாலை நாளைத் தவிருங்கள். இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021 முதல் 16 என்பதையும் மனதில் வையுங்கள். எங்கள் கதையில் வரும் பெண்பிள்ளைக்குப் பதினேழு வயது. அவளுடைய தாயார் மூன்று நாளும் கூடவே இருந்தார்.

3. இடத்தை முடிவெடுங்கள், பிறகு அது யாருடைய இடம் என்று கண்டுபிடியுங்கள்

வன்னியில் ஒரு காட்சியைப் பார்த்து அழகென்று நிற்கும் இடத்தில் மூன்று திணைக்களங்களின் எல்லை ஓடக்கூடும். குளம் ஒருவருடையது, அலைகரைக்கு அங்கால் காடு இன்னொருவருடையது, வயல் தனியாருடையது.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்கள் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் அலுவலகம். சின்னக் குளங்கள் என்றால் கமநல சேவை நிலையமும் அந்தக் குளத்துக் கமக்காரர் அமைப்பும். ஒதுக்குக் காட்டுக்குள் கால் வைப்பதானால் வனவளத் திணைக்களம். சுண்டிக்குளம் தேசியப் பூங்காப் பக்கம் என்றால் வனஜீவராசிகள் திணைக்களம். பழைய கட்டடம், தூண், கல்வெட்டு இருக்கும் இடம் என்றால் தொல்பொருள் திணைக்களம். முதல் படம் எடுப்பவர்களுக்கு என் ஆலோசனை, சின்னக் குளமும் தனியார் வயலும் போதும். கமக்காரர் அமைப்பின் தலைவரோடு மரத்தடியில் இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைத்தால் அங்கே பாதி வேலை முடிந்துவிடும்.

வயலில் ஒரு பொறி இருக்கிறது. காணி உறுதியை வைத்திருக்கும் உறுதிக்காரர் ஒருவர், குத்தகைக்குச் செய்பவர் இன்னொருவர். நாங்கள் உறுதிக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போக, குத்தகைக்காரர் வரம்பில் வந்து நின்றார். அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது, அன்று காலை முழுவதும் போனது. இருவரிடமும் கையொப்பம் வாங்குங்கள்.

இதைவிட முக்கியமானது மிதிவெடி. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கும் இடத்துக்கு ஓரமாகக்கூடப் போகாதீர்கள். பலகை இல்லாத பற்றைக்காடு என்றாலும் ஆடு மாடு மேய்க்கிறவர்களிடம் கேளுங்கள். அவர்கள் நடக்கும் தடத்தை விட்டு இறங்காதீர்கள். கமராவுக்கு நல்ல கோணம் தேடிப் பின்பக்கமாக நடப்பவர்தான் எங்கள் வேலையில் அதிகம் தடம் மாறுகிறவர். அதற்கென்றே ஒருவரை அவருக்குப் பின்னால் நிறுத்தினோம்.

யானையும் அப்படித்தான். பொழுதுபட்ட பிறகு குளத்தடியில் வேலை வைக்காதீர்கள். இரவுக் காட்சியை வீட்டு முற்றத்தில் எடுக்கலாம்.

4. கடிதங்கள்: இந்த ஒழுங்கில் மட்டும்

நான் செய்த பெரிய பிழை இதில்தான். நேராகப் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி ஒரு அலுவலகத்தில் கொடுத்தேன். பன்னிரண்டு நாள் கழித்து, கிராம அலுவலரின் சிபாரிசு இல்லை என்று திரும்பி வந்தது. அதைச் சரிசெய்து கொடுக்க, இட உரிமையாளரின் சம்மதம் இணைக்கப்படவில்லை என்று மறுபடி திரும்பியது. கீழே உள்ள ஒழுங்கில் போனால் மூன்று கிழமையில் முடிக்கலாம். ஐந்து கிழமை ஒதுக்கி வையுங்கள்.

முதலில் இட உரிமையாளர், குத்தகைக்காரர், கமக்காரர் அமைப்பு. இவர்களின் சம்மதக் கடிதத்தில் திகதி, நேரம், இடம், எத்தனை பேர் வருவார்கள் என்பது இருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தக் கிராம அலுவலர் பிரிவின் கிராம அலுவலர். படப்பிடிப்பு நடக்கும் பிரிவின் அலுவலர்தான், நீங்கள் குடியிருக்கும் பிரிவுக்காரர் அல்ல. குளம் இரண்டு பிரிவின் எல்லையில் இருந்தால் இருவரும். அவர்கள் வெளிவேலைக்குப் போகும் நாள்களும் உண்டு, அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, பிரதேச செயலகம். முதல் இரண்டையும் இணைத்துக் கொடுங்கள். கடிதத்தைக் கொடுத்த கையோடு உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் எப்போது கொடுத்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி இல்லை.

நான்காவது, இடத்துக்குரிய திணைக்களம், தேவையென்றால்.

கடைசியாகப் பொலிஸ் நிலையம். இங்கே எல்லாக் கடிதங்களின் பிரதியும் வேண்டும். தமிழ்க் கடிதத்தோடு சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றையும் இணையுங்கள். தமிழில் மட்டும் கொண்டுபோன அன்று மதியம் வரை இருந்தேன். சிங்களப் பிரதியோடு போன அன்று அரை மணித்தியாலத்தில் வெளியே வந்தேன்.

எல்லாக் கடிதங்களுக்கும் பொதுவாக இரண்டு இணைப்புகள் தயாரித்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆட்களின் பட்டியல்: பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, கூடவே அட்டையின் இரு பக்கப் போட்டோக்கொப்பி. மற்றது பொருட்களின் பட்டியல்: கமரா, போன், மைக், விளக்கு, அவற்றின் தொடர் இலக்கங்கள், அதோடு கோடரி, சம்மட்டி, தலைக்கவசம் போன்ற நாடகப் பொருட்கள். கோடரி அட்டையில் செய்தது என்று எழுதி, படமும் ஒட்டுங்கள். வழியில் வாகனத்தை மறித்துக் கேட்டால் இந்தப் பட்டியல் உங்களுக்காகப் பேசும். ஏழு தொகுதி போட்டோக்கொப்பி எடுத்தேன், ஏழும் முடிந்தது.

ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுகிறவர்களுக்கு: அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் வேறு, அனுமதி வேறு, காலம் வேறு. முதல் படத்தில் அதை விடுங்கள். குளக்கட்டின் மேலே நின்று பார்த்தால் வயல்வெளி முழுவதும் கீழே விரிந்து கிடக்கிறது.

5. மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

ஐப்பசியிலிருந்து தை வரை மாரி, வயலில் நெல், வரம்பில் சேறு. அந்தக் காலத்தை விடுங்கள். காலபோக அறுவடை முடிந்த பங்குனி, சித்திரை நல்லது. சிறுபோகம் அறுத்த பின் ஆவணி, புரட்டாதியும் நல்லது. அப்போது குளம் வற்றி அலைகரை வெடித்துக் கிடக்கும். மண்ணுக்குள்ளிருந்து குள்ளர் ஏறிவரும் காட்சிக்கு அதைவிட நல்ல தளம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆனால் சோளகக் காற்று. எங்கள் முதல் நாள் வசனம் முழுவதும் காற்றிரைச்சலில் அள்ளுப்பட்டுப் போனது. மைக்குக்குப் பஞ்சு உறை வாங்குங்கள். காலை எட்டரைக்கு முன் வசனக் காட்சிகளை முடித்து, மிச்ச நேரத்தில் பேச்சில்லாத காட்சிகளை எடுங்கள்.

திகதி குறிக்கும்போது கோயில் நாட்களைப் பாருங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வரும் கிழமை வாகனமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. மே 18, நவம்பர் 27 ஆகிய நாட்களையும் அவற்றை ஒட்டிய நாட்களையும் கேட்காமலே விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் இந்த மண்ணில் வேறு நினைவு இருக்கிறது.

6. தாடியும் உடுப்பும்

கொழும்பில் தேடவேண்டாம். கோவலன் கூத்து ஆடும் ஊர்களில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரைப் பிடியுங்கள். முடி, தாடி, மார்புப்பட்டை, கச்சை எல்லாம் அவர்களிடம் இருக்கிறது, கட்டத் தெரிந்த கையும் இருக்கிறது. எங்களுக்கு வேண்டிய மூன்று தாடிகளைச் சணலில் பின்னி, தேயிலைச் சாயத்தில் தோய்த்து இரண்டு நாளில் தந்தார்கள். தும்பில் செய்தது பார்க்க நன்றாக இருந்தாலும் கழுத்தைக் குத்தும். சணலே சரி.

ஒட்டும் பசையை முதல் நாளே முழங்கைக்கு உள்பக்கம் பூசிப் பாருங்கள். 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' படங்களில் கிம்லி என்ற குள்ளராக நடித்த ஜோன் றைஸ் டேவிஸுக்கு முகப்பூச்சுப் பொருட்கள் ஒத்துக்கொள்ளாமல் கண்ணைச் சுற்றி வீங்கியது. அவ்வளவு பெரிய தயாரிப்பிலேயே அப்படி. எங்கள் வெயிலில் வியர்வையோடு பசை சேர்ந்து ஒரு நடிகருக்குத் தாடை முழுவதும் சிவந்தது. அதற்குப் பிறகு தாடியைக் காதில் மாட்டும் நூலோடு தைத்து, மேலே தலைப்பாகையால் மறைத்தோம். ஒட்டிய தாடியை விட அது நன்றாகவே நின்றது.

பச்சைப் புள்ளி போட்ட, இராணுவச் சீருடையை ஒத்த துணி எதுவும் உடுப்பில் வேண்டாம்.

7. உயரமான ஆளைக் குள்ளராக்கும் முக்கால் கணக்கு

மூன்று குள்ளரில் இருவர் சாதாரண உயரம், ஐந்தடி ஏழு அங்குலம். அவர்களை அண்ணையின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதாவது முக்கால்வாசி. கணினி வேலைக்கு எங்களிடம் காசில்லை.

கமராவிலிருந்து தூரம் கூடக் கூட ஆள் சிறிதாகத் தெரிவார் என்பதுதான் முழு வித்தையும். கிம்லியாக நடித்தவர் ஆறடிக்கு மேல். அந்தப் படங்களில் ஒரே மேசை என்று நாம் பார்ப்பது சில காட்சிகளில் இரண்டு தூரத்தில் வைத்த இரண்டு துண்டு. முக்கால் அளவு வேண்டுமென்றால் தூரம் மூன்றுக்கு நாலாக இருக்க வேண்டும். பெரிய ஆள் கமராவிலிருந்து 9 அடியில், குள்ளராக வேண்டியவர் 12 அடியில். பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல் தெரிய, இருவரையும் இடம் வலமாகச் சற்று விலக்குங்கள்.

இப்படி நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஏதோ பிழையாக இருக்கும். பின்னால் நிற்பவரின் கால் படத்தில் மேலே ஏறி நிற்கும், அவர் மிதப்பதுபோல் இருக்கும். எனக்கு இது பிடிபட ஒரு முழு நாள் போனது. பின்னால் நிற்பவர் நிலத்தில் தாழ்ந்து நிற்க வேண்டும். கமராவை 3 அடி உயரத்தில் வைத்தால், பின்னவரின் நிலம் முன்னவரின் நிலத்தை விட 1 அடி தாழ்வாக இருந்தால் இருவர் காலும் ஒரே கோட்டில் வரும். அந்த ஓரடிப் பள்ளத்தை நாங்கள் வெட்டவில்லை. வயல் வரம்பு இருக்கிறது. கமராவும் முன்னவரும் வரம்பில், பின்னவர் வயலுக்குள். வரம்பின் உயரத்தை நாடாவால் அளந்து, ஓரடி வரும் இடமாகப் பாருங்கள்.

எங்களுக்கு நல்லதாய் அமைந்தது, அண்ணையை முன்னவரோடு வரம்பிலேயே நிறுத்தியதுதான். உண்மையான உயரம் படத்தில் ஒன்று இருந்தால் பார்ப்பவரின் கண் அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. மற்ற இருவரையும் யாரும் சந்தேகிக்கவில்லை.

பார்வைதான் அடுத்த சிக்கல். இருவரும் உண்மையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் படத்தில் வேறெங்கோ பார்ப்பதுபோல் இருக்கும். வயலுக்குள் நிற்பவருக்காக, 12 அடி தூரத்திலேயே, முன்னவரின் முதுகுக்கு நேர் பின்னால் ஏழடித் தடி ஒன்றை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். அவர் அதைப் பார்த்துப் பேசட்டும், தடி முன்னவருக்குப் பின்னால் மறைந்துவிடும். வரம்பில் நிற்பவருக்கு நாலடிக்குச் சற்றுக் குறைந்த தடி, 9 அடியில். ஆனால் அது கமராவுக்குத் தெரியும். நாலைந்து தரம் பார்த்துப் பழகிய பிறகு பிடுங்கிவிட்டு எடுங்கள்.

கமரா விடயத்தில் பெருமைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வாடகைக்கு எடுத்த பெரிய கமராவில் பின்னால் நின்றவர் மங்கலாகவே விழுந்தார். மங்கினால் தூரம் தெரிந்துவிடும், தூரம் தெரிந்தால் வித்தை போய்விடும். லென்ஸின் துவாரத்தை f/11 அல்லது f/16 அளவுக்குச் சுருக்க வேண்டும், அதற்கு நல்ல வெயில் வேண்டும். போன் கமராவில் இருவரும் தெளிவாகவே விழுகிறார்கள். கடைசியில் பாதிக்கு மேல் போனில்தான் எடுத்தோம். பின்புலத்தை மங்கலாக்கும் வசதியை நிறுத்திவையுங்கள், அகல லென்ஸைத் தொடாதீர்கள், ட்ரைபொட்டை அசைக்காதீர்கள். நிழல் காட்டிக்கொடுக்கும் என்பதால் மேகம் மூடிய நேரம் பார்த்து எடுங்கள். அது வாய்க்காவிட்டால் இடுப்புக்கு மேல் மட்டும் எடுங்கள், பள்ளம் அப்போதும் வேண்டும்.

1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமல்ஹாசன் காலை மடக்கி, முழங்காலில் சப்பாத்துப் பொருத்தி நடந்ததைப் பார்த்து அதையே செய்யலாம் என்று பெடியள் துடிப்பார்கள். எங்கள் நடிகர் ஒருவர் செய்து பார்த்தார். நாலு நிமிடத்தில் கால் மரத்து, அன்று முழுவதும் நொண்டினார். வேண்டாம்.

8. சத்தம், புகை, ஆயுதம்

நிலம் வெடித்துக் குள்ளர் வெளியே வரும் காட்சிக்காக ஒரே ஒரு பட்டாசு கொளுத்தினோம். குளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஒரு வயதான அம்மா வீட்டுக்குள் ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டார். பேத்தி வந்து அழுதபடி சொன்னாள். அன்று வேலையை அதோடு நிறுத்திவிட்டு நாங்கள் எல்லோரும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது, "விடு பிள்ளை, எனக்குத்தான் இன்னும் போகேல்லை" என்றார்.

வெடிச்சத்தத்தைப் பின்னால் சேர்க்கலாம். புகைக்குச் சாம்பிராணித் தட்டு போதும். கோடரி, வாள் எல்லாம் அட்டையிலும் முருக்கங்கட்டையிலும் செய்து, ஊருக்குள் சாக்கில் கட்டியே கொண்டுபோங்கள். படப்பிடிப்புக்கு முதல் நாள் மாலை, சுற்றிவர உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போய், நாளைக்கு என்ன நடக்கும், எத்தனை மணிக்கு, என்ன உடுப்பில் ஆட்கள் வருவார்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த அலுவலகமும் உங்களிடம் இதைக் கேட்காது. ஆனாலும் செய்யுங்கள்.

9. காசு

எங்களுக்கு ஆன செலவு இது. இரண்டு நாள் வான் 32,000 ரூபா. பதினான்கு பேருக்கு இரண்டு நாள் சாப்பாடும் தேத்தண்ணியும் 30,800. மூன்று முதன்மை நடிகர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 வீதம் 30,000. உடுப்பு, தாடி, நாடகப் பொருட்கள் 18,500. கமராவும் மைக்கும் 16,000. கடித அலைச்சலுக்குப் பஸ் காசு, போட்டோக்கொப்பி, மொழிபெயர்ப்பு 9,400. மூன்றாம் நாள் திட்டத்தில் இல்லை, குத்தகைக்காரரோடு போன காலையும் பட்டாசு வெடித்த மாலையும் கொண்டுவந்த நாள் அது. அதற்கு 27,300. மொத்தம் 164,000 ரூபா.

உங்கள் கணக்கில் ஒரு முழு நாளின் செலவைக் கைக்காவலாக வையுங்கள். நடிகர்களின் காசை அன்றன்றைக்கு மாலையிலேயே கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். பெரிய கமராவை எடுக்காமல் விட்டிருந்தால் பத்தாயிரம் அளவில் மிச்சப்பட்டிருக்கும், அதைச் சாப்பாட்டில் போட்டிருக்கலாம். இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டுப் பார்சல் போதாமல் போய் மூன்று பேர் பகிர்ந்து சாப்பிட்டதை நினைத்தால் இன்னும் கவலையாக இருக்கிறது.

10. எடுத்து முடித்த பின்

அன்றிரவே எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம்.

பொதுமக்களுக்குக் காசு வாங்கித் திரையிடுவதானால் தணிக்கைச் சபையின் சான்றிதழையும் பிரதேச சபையின் களியாட்ட வரியையும் விசாரித்துவிட்டே துண்டு அடியுங்கள். விழாக்களுக்கு அனுப்புவதானால் 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா கிட்டடியில் இருக்கிறது. எங்கே அனுப்பினாலும் ஆங்கில, சிங்கள எழுத்துரை வேண்டும். குள்ளர் என்ற சொல்லை மொழிபெயர்ப்பவரிடம், இது கதையில் வரும் ஓர் இனத்தின் பெயர், ஒரு மனிதரைச் சுட்டும் சொல் அல்ல என்று சொல்லிவையுங்கள்.

முதல் காட்சியைக் குளத்தடிச் சனசமூக நிலையத்தில் வெள்ளை வேட்டி கட்டிப் போட்டோம். கடிதம் தந்த கிராம அலுவலரையும், கமக்காரர் அமைப்புத் தலைவரையும், உறுதிக்காரரையும், குத்தகைக்காரரையும், கட்டிலுக்குக் கீழே ஒளிந்த அம்மாவையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டோம். கதிரைகளைப் போடும்போது அண்ணைக்கு முன்வரிசையில், யாருடைய தலையும் மறைக்காத இடத்தில், அதே பதிந்த கதிரையைப் போடுங்கள். படம் முடிந்ததும் சனம் அவருடைய வசனம் ஒன்றைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தது. அவர் என் பக்கம் திரும்பி ஒருமுறை தலையாட்டினார். மறுநாள் காலை கடையைத் திறக்க வேண்டும் என்று அன்றிரவு எட்டரைக்கே எழும்பிவிட்டார், அவரை வீட்டில் கொண்டுபோய் விட வானை வாசலில் நிறுத்தி வைத்திருந்தோம்.